அடுப்பு பற்றாத நாட்களைக் காட்டி இருப்பிடச் சான்று மறுக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
திருமதி கோகிலவாணி அப்புசாமி (வயது 74),
தெற்குத் தோட்டம், செங்காட்டுப்புதூர்,
நாமகிரிப்பேட்டை வழி, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: இருப்பிடச் சான்று நிராகரிப்பு – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை நானே எழுதுகிறேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் "ஆதரவற்ற விதவையாகிய நான்" என்று தொடங்கினார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் ஆதரவற்றவள் அல்லள். எனக்கு வேண்டியது ஒரு சான்று.

1. நான் மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, அங்குள்ள கான்வென்ட்டில் படித்தவள். என் கணவர் அப்புசாமி இவ்வூர்க்காரர். இளவயதில் அங்கு வேலைக்கு வந்தவர். முதுமையில் சொந்த ஊரில் இருக்க விரும்பினார். ஈப்போ வீட்டை விற்றுவிட்டு இருவரும் இங்கு வந்தோம். மறு ஆண்டே அவர் காலமானார். என் கடவுச்சீட்டு இன்றும் மலேசிய நாட்டுடையது.

2. வந்த நாள் முதல் சான்றுகளுக்காக அலைகிறேன். வங்கியில் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிக்கு எரிவாயு ரசீது போதும் என்றார்கள். எரிவாயு இணைப்புக்குப் போனால் வங்கிப் புத்தகம் கேட்டார்கள். கடைசியில் கணவரின் பங்காளி வெங்கடாசலம் தம் பெயரிலேயே எனக்கு சிலிண்டர் வாங்கிக் கொடுத்தார். மின் இணைப்பு இன்னும் மறைந்த என் மாமனார் பெயரில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் இருந்த பெண், "எல்லாரும் இங்கிருந்து போறதுக்குத்தானுங்க மனு குடுக்கறாங்க, நீங்க எதுக்குங்கம்மா வந்தீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

3. இந்தியாவில் நான் தங்கும் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க இருப்பிடச் சான்று தேவை. விண்ணப்பித்தேன். விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார்.

4. அவர் வந்த முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை, மாற்றுப் புடவை எடுக்க நான் வந்திருந்தேன். அடுக்களையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, அடுப்புல தூசி படிஞ்சு கெடக்குது, சிலிண்டரும் வேற பேருல இருக்குது. குடியிருக்கீங்கன்னு நான் எப்படிங்க எழுதறது?" என்றார். சில நாட்களாக வெங்கடாசலம் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும் என்று உள்ளதைச் சொன்னேன். "மனுதாரர் இம்முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டார்.

5. அந்த நாட்களில் வெங்கடாசலம் இறந்திருந்தார். எங்கள் வகையில் பங்காளி வீட்டில் துக்கம் நேர்ந்தால், காரியம் முடியும் வரை மற்றப் பங்காளிகள் வீட்டிலும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சம்பந்தி வீட்டார் சோறு கொண்டுவருவார்கள். எல்லோரும் துக்க வீட்டில் ஒன்றாக உண்போம். மற்ற மருமகள்களைப் போல நானும் அங்கே பாயில் படுத்தேன். என்னை இவ்வூர்க்காரியாக நடத்தியதால்தான் என் வீடு பூட்டிக் கிடந்தது. இவ்வூரில் இல்லாதவள் என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிட்டது.

6. அலுவலரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. அவர் மேச்சேரியிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்தவர் என்று பிறகு அறிந்தேன். வெங்கடாசலம் வீடு என்றாலே துக்கம் புரிந்துவிடும் என நான் எண்ணினேன். இந்த ஊர் அவருக்கும் புதிது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அக்கம்பக்கத்தில் ஒருவரையும் கேட்காமல் அறிக்கை எழுதியது முறையன்று.

7. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலுள்ள என் மகன் ஆனந்தகுமார் அங்கு வந்துவிடச் சொல்கிறான். ஒரு நாட்டில் பேருந்து எங்கே நிற்கும், எந்தக் கவுண்ட்டர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதலிலிருந்து கற்றுக்கொள்வதை நான் இங்கே ஒருமுறை செய்துவிட்டேன். மீண்டும் செய்ய என்னிடம் வலு இல்லை. ஈப்போவில் திரும்பிச் செல்ல வீடும் இல்லை.

ஆகவே, அவ்வறிக்கையை ஒதுக்கிவைத்து, அனுமதி முடியுமுன் மறுவிசாரணை நடத்தி, எனக்கு இருப்பிடச் சான்று வழங்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

விசாரணைக்கு வருபவர் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியதில்லை. காலையில் எப்போது வந்தாலும் இருவர் இருப்போம். வெங்கடாசலத்தின் மனைவி குஞ்சம்மாள் காலைச் சாப்பாட்டுக்கு என்னிடம் வருகிறார். நிராகரிப்புக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்களும் போயிட்டா நான் ஆரு கூடங்க்கா உக்காந்து சோறு திங்கறது?" என்றார். அதற்கான பதிலைத் தங்கள் உத்தரவு வந்த பிறகு சொல்வதாக இருக்கிறேன்.

இடம்: செங்காட்டுப்புதூர்
நாள்: 14.07.2025

தங்கள் விரைவான முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கோகிலவாணி அப்புசாமி

இணைப்பு: நிராகரிப்புக் கடித நகல், கடவுச்சீட்டு நகல், வெங்கடாசலத்தின் இறப்புச் சான்று நகல்.