கடலைப் பார்த்த மாடம்

கிள்ளான்
3 ஆகஸ்ட் 1943

மதிப்பிற்குரிய இக்னேஷியஸ் அவர்களுக்கு,

கிள்ளான் ஜெய்னுதீன் எழுதிக்கொள்வது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் கோணல் எழுத்தைப் பார்க்கிறீர்கள். கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள். தபாலில் போட்டால் எவனெவனோ பிரித்துப் பார்ப்பான் என்பதால் ரயில் கார்டு ஜெயராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஜவுளிக்கடை பெயருக்குத் திறந்திருக்கிறது. அலமாரியில் துணி இல்லை. வீட்டுக்காரி அமீனா பீவி கடைக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருக்கிறாள். மூன்று வேளையும் அதுதான். அது கிடக்கட்டும்.

தம்பி காதர் போன மாதம் பன்னிரண்டாம் தேதி சயாமுக்கு ரயில் ஏறினான். லோரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போன கூட்டத்தில் அவன் இல்லை. தானாகப் பெயர் கொடுத்தான். மூன்று மாதம் தண்டவாளம் போடும் வேலை என்றார்கள். ஆனால் அவனுக்கு முன்னால் போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. பாசாரில் பேசிக்கொள்வதை எழுதக் கை வரவில்லை.

பெயர்ப் பட்டியல்கள் உங்கள் ரயில்வே ஆபீஸ் வழியாகத்தான் போகின்றன என்று ஜெயராஜ் சொல்கிறான். காதர் எங்கே இருக்கிறான் என்று பார்த்து, அவனைத் திருப்பி அழைக்க ஏதாவது வழி செய்ய வேண்டும். நாகப்பட்டினத்தில் உம்மாவுக்கு எதுவும் தெரியாது. இந்தியாவுக்குத் தபால் நின்றுபோனது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாயிற்று.

நம் ஊர்க் கதைகளை நாம் இருவரும் சேர்த்து எழுதிய ஏழு நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. எரிக்கச் சொன்னீர்கள். எரிக்கவில்லை. கடையில் மிஞ்சிய மல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மு. ஜெய்னுதீன்


பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 1943 (ஆபீஸில் ஜப்பான்காரன் கணக்குப்படி 2603)

ஜெய்னுதீனுக்கு,

கடிதம் கிடைத்தது. "மதிப்பிற்குரிய" என்று போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து முப்பது வருஷம் "டேய் இன்னாசி" என்று கூப்பிட்ட வாய், காரியம் ஆக வேண்டும் என்றதும் மரியாதை கற்றுக்கொண்டது. சந்தோஷம்.

நானும் மரியாதையாகவே ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். 1938, வாசகசாலைக் கூட்டம். நீங்கள் ஆறாவது நோட்டிலிருந்து ஒரு கதை வாசித்தீர்கள். ஆற்று முகத்துவாரத்தில் மணல்மேடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டச்சுக் கப்பல்கள் கடலில் நிற்கின்றன. கரையில் ஒரு விளக்கும் எரியக் கூடாது என்று போர்ச்சுக்கீசியர் உத்தரவு. ஒரு வீட்டில் மட்டும், கடலைப் பார்த்த மாடத்தில், ஒருவன் அகலை ஏற்றி வைக்கிறான். கப்பல்கள் அதைக் குறிவைத்து உள்ளே வருகின்றன. மறுநாள் கோட்டையில் வேறு கொடி. விளக்கேற்றியவனுக்குப் புதிய துரைகளின் கிட்டங்கியில் கணக்கெழுதும் வேலை. அன்றிலிருந்து அந்த மாடத்தில் விளக்கு ஏற்றுவதில்லை.

எந்த வீடு என்று நீங்கள் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கடல் பக்கம் மாடம் வைத்த வீடு நம் தெருவில் ஒன்றுதான். அதில் பிறந்தவன் கூட்டத்துக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன், ஆபீஸ் குமாஸ்தா என்னைப் பார்த்துக் கத்தினானே, ஞாபகம் இருக்கிறதா? "கிராணியாரே, விளக்குப் பிடிக்கிறது உங்க பரம்பரைத் தொழிலா? சொல்லவே இல்லையே லா!" அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. என் மனைவி ரோசலின் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வெளியே போனாள்.

மறு கூட்டத்தில், நான் கேட்டுக்கொண்டபடி, அது உங்கள் சொந்தக் கற்பனை என்று அதே கூட்டத்தின் முன் எழுந்து சொன்னீர்கள். பொய்யன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு நமக்குள் பேச என்ன இருக்கிறது?

காதரைப் பற்றி விசாரிக்கிறேன். உங்களுக்காக அல்ல. அவனை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எஸ்டேட் ஜனங்கள் போகிற வண்டியில் ஜவுளிக்கடைக்காரன் தம்பிக்கு என்ன வேலை? அவனுக்கு என்ன பைத்தியமா? யார் பேச்சைக் கேட்டு ஏறினான்?

எஸ். இக்னேஷியஸ்


கிள்ளான்
14 ஆகஸ்ட் 1943

இக்னேஷியஸ் அவர்களுக்கு,

யார் பேச்சைக் கேட்டு என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

கிள்ளான் ஸ்டேஷன் சுவரில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அச்சடித்தது அல்ல, கையால் ஸ்டென்சில் வெட்டி உருட்டியது. காதர் அதில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தான்.

"நானா, இத பாருங்க. இன்னாசி அண்ணன் எழுத்து."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உம்மாவுக்கு நம்ம வீட்டுக் கடுதாசியெல்லாம் வருஷக்கணக்கா அவருதானே எழுதினாரு! ஊர்ல இருந்தப்ப நான்தானே உம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவேன். கடைசி வரிக்குக் கீழே ரெண்டு கோடு, பாருங்க. அதே கை."

"இருக்கட்டுமே."

"என்ன இருக்கட்டுமே? அவரு உங்க கூடப் பேசாம இருக்கலாம் நானா. பொய் எழுதுவாரா?"

நான் அறிவிப்பைப் படித்தேன். மூன்று மாதத்தில் திரும்பலாம், முகாமில் வைத்தியர் உண்டு, வாரம் ஒரு முறை வீட்டுக்குக் கடிதம் எழுதலாம் என்று இருந்தது. அழகான தமிழ். காதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடையில் சும்மா உட்கார்ந்து மரவள்ளி தின்பதை அவனால் பொறுக்க முடியவில்லை.

நான் சொன்னேன்: "பிடிவாதக்காரன்தான். ஆனா பொய் எழுத மாட்டான். அவன் எழுதியிருந்தா போ."

என் பேச்சைக் கேட்டுத்தான் ஏறினான். நூறு பேர் முன்னால் என்னைப் பொய்யன் ஆக்கியவருக்கு நான் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அது.

அந்த அறிவிப்பு நீங்கள் எழுதியதுதானா? ஒரு வரி போதும்.

ஜெய்னுதீன்


பிரிக்பீல்ட்ஸ்
2 செப்டம்பர் 1943

ஜெய்னு,

நான் எழுதியதுதான்.

ஒரு வரி போதும் என்றாய். பதினெட்டு நாளாக அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. எழுதிய பிறகு நிறுத்தவும் முடியவில்லை.

ஏப்ரலில் ஜப்பான் அதிகாரி ஒரு காகிதத்தைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னான். ஆபீஸ் தமிழில், உயிரில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஆட்கள் வரவில்லை. ஜூனில் மறுபடி கூப்பிட்டார்கள். "ஜனங்கள் நம்புகிற மாதிரி எழுது. உனக்கு எழுத்து வரும் என்று கேள்விப்பட்டோம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அதற்குள் வண்டிகள் நிறைந்து போவதையும் வெறுமையாகத் திரும்புவதையும் என் கையாலேயே பதிந்திருந்தேன். வைத்தியர் என்று எந்தப் பட்டியலிலும் ஒரு பெயர் இல்லை. வீட்டுக்கு எழுதிய கடிதம் என்று ஒரு சாக்கு கூட வரவில்லை. தெரிந்துதான் எழுதினேன். மறுத்திருந்தால் அடித்திருப்பார்கள், ஒருவேளை என்னையே அந்த வண்டியில் ஏற்றியிருப்பார்கள். பயந்தேன். ஆனால் பயம் மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய். அந்த வாசகசாலைச் சிரிப்புக்குப் பிறகு ஐந்து வருஷமாக யாரும் என்னிடம் ஒன்றும் எழுதச் சொன்னதில்லை. இவன் சொன்னான். உட்கார்ந்து, நம் நோட்டுகளை எழுதிய அதே தமிழில், ரசித்து எழுதினேன். முடித்துவிட்டு வழக்கம்போல இரண்டு கோடு போட்டேன். அன்று மாலை வீட்டுக்கு அரை மூட்டை அரிசி வந்தது. ரோசலின் எங்கிருந்து என்று கேட்டாள். ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்றேன்.

காதர் பெயர் பட்டியலில் இருக்கிறது. பதினான்காவது வேகன். போய்ச் சேர்ந்த இடத்தில் முகாம் எண் மட்டும் இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை. அவன் ரயில்வே பட்டறைக்குத் தேவைப்படுகிறவன் என்று எழுதிக் கேட்கலாம் என்று அதிகாரியின் அறை வரை போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே யாரையோ அறைகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயதில், தவக்காலத்தில் ஒரு நாள், அந்த மாடத்தில் ஒரு அகலை ஏற்றி வைத்தேன். அப்பா ஓடி வந்து திரியை உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். அதே கையால் என்னை அறைந்தார். கன்னத்தில் எண்ணெய் வழிந்தது. "நம்ம வீட்டு விளக்கப் பாத்து இனிமே யாரும் வரக் கூடாது" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நீ அந்தக் கதையை வாசித்தபோது ஏன் என்று தெரிந்தது. நீ எழுதியது கற்பனை அல்ல என்று அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைப் பொய்யன் என்று சொல்ல வைத்தேன்.

இன்னாசி


பிரிக்பீல்ட்ஸ்
6 ஜனவரி 1944

ஜெய்னு,

நாலு மாதமாகப் பதில் இல்லை. ஜெயராஜிடம் கேட்டேன். "வாங்கிப் படிச்சாருங்க கிராணியாரே. மடிச்சு சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. சாயா குடிச்சிட்டுப் போன்னாரு, அவ்வளவுதான்" என்றான்.

திட்டியாவது எழுது. முகாம் பட்டியல்கள் இப்போது எங்கள் ஆபீஸ் வழியாக வருவதில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இன்னாசி


கிள்ளான்
20 நவம்பர் 1945

இக்னேஷியஸ் அவர்களுக்கு,

சயாமிலிருந்து திரும்பியவர்களில் ஒருவர் நேற்று கடைக்கு வந்தார். காப்பார் பக்கத்து எஸ்டேட்காரர். காதரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். காலில் ஆறாத புண், நடக்க முடியவில்லை. ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

காதர் 1943 அக்டோபரிலேயே வாந்திபேதியில் மௌத்தாகிவிட்டான். நான் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தபோதே அவன் இல்லை. குளிப்பாட்டவும் ஆள் இல்லை, தொழுகை வைக்கவும் ஆள் இல்லை. மற்றவர்களோடு சேர்த்து எரித்துவிட்டார்களாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஸ்டேஷனில் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று பத்துப் பதினைந்து பேர் தயங்கிக்கொண்டு நின்றார்களாம். "எழுதினவரு எங்க வீட்டு ஆளு மாதிரி. எனக்கு நல்லாத் தெரியும். தைரியமா வாங்க" என்று காதர்தான் அழைத்துக்கொண்டு போனானாம். அதில் இவர் ஒருவர்தான் திரும்பியிருக்கிறார்.

இந்தியாவுக்குத் தபால் திறந்துவிட்டது. போன வாரம் உம்மாவின் கடிதம் வந்தது, பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. நான் சௌக்கியமா, அமீனா சௌக்கியமா, காதருக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "ஏன் கடுதாசி வேறு கையில் வந்துகொண்டிருந்தது? இன்னாசிக்கு என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறார்.

என்னால் இதை உம்மாவுக்கு எழுத முடியாது. நேற்றிலிருந்து காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். உம்மாவின் கண்ணுக்குப் பழகிய எழுத்து அது. எப்படிச் செத்தான் என்பதோடு எதனால் போனான் என்பதையும் எழுதுங்கள்.

ஜெய்னுதீன்


பிரிக்பீல்ட்ஸ்
27 நவம்பர் 1945

ஜெய்னு,

நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றும் நன்றாக வந்திருந்தன. படித்தால் யாருக்கும் கண்ணீர் வரும். மூன்றையும் கிழித்துவிட்டேன். நாலாவது இது:

"உம்மாவுக்கு, இன்னாசி எழுதுவது. காதர் இறந்துவிட்டான். சயாமில், ரயில் பாதை வேலையில், வாந்திபேதி வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டு அறிவிப்பு எழுதியவன் நான். அதில் இருந்தது பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து, நான் பொய் எழுத மாட்டேன் என்று நம்பிப் போனான். நான் கோபத்தில் 1938-லிருந்து உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை. ஜெய்னு மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்னாசி."

கீழே கோடு போடவில்லை. இது நான் எழுதியதுதானா என்று அவர் சந்தேகப்பட்டால், ஆமாம் என்று நீ எழுது.

அனுப்பலாமா என்று நீ சொல். ஜெயராஜ் திரும்புகிற வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன்.

இன்னாசி


கிள்ளான்
30 நவம்பர் 1945

இன்னாசி,

அனுப்பிவிட்டேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

நீ 1943 செப்டம்பரில் எழுதிய கடிதத்தை ஆறாவது நோட்டில், மாடத்துக் கதை முடிகிற இடத்தில், ஊசி நூல் எடுத்துத் தைத்துவிட்டேன். அதன் பின்னால் காதர் கிழித்து வந்த அறிவிப்பையும் தைத்திருக்கிறேன். ஏழு நோட்டும் என்னிடமே இருக்கும். நம் ஊர்க் கதையை இனி நான் தனியாகத்தான் எழுதுவேன்.

உம்மா பதில் போட்டால் உன் பெயருக்குத்தான் போடுவார். அது உனக்கும் அவருக்கும். எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஜெய்னு