சி.ஆர்.பி.யும் டோரினின் செருப்பும்

மார்ச் 3, 2007
என் மனைவி டோரினுக்கு வலக்கை இன்னும் எழும்பவில்லை. பேச்சும் இல்லை. மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டுவிட்டதாம். ஆனாலும் நான் வார்டுக்குள் நுழைந்ததும் கண்ணாலேயே ஏசுகிறாள். ஆண்டவரே, அந்த ஏச்சுக்கு நன்றி.

மார்ச் 5
இளம் டொக்டர் பெண் டோரினின் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒன்றைப் பார்த்திருக்கிறார். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுமாம். இந்த நோயில் அது கூடினால் தேறுவது கஷ்டமாம். இவளுக்கு மிகவும் கூடுதலாம். "பேச்சு திரும்பும் எண்டு உறுதி சொல்ல ஏலாது, அங்கிள்."

மறுபடி இரத்தம் எடுக்க வேண்டுமாம். விடமாட்டேன் என்றேன். துறைமுகத்தில் பதவி உயர்வு கேட்டபோது என் வேலையைப் பார்க்காமல் சான்றிதழைப் பார்த்தார்கள். இங்கே மனுசியைப் பார்க்காமல் ஒரு இலக்கத்தைப் பார்க்கிறார்கள். தானாக இங்கிலீஷ் படித்தவனிடம் இதெல்லாம் நடக்குமா?

"வேற காய்ச்சல், புண் ஏதும் இருந்ததா?" என்றும் கேட்டார். டோரினைப் பார்த்துத்தான் கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன்.

மார்ச் 6
மகன் பற்றிக் சமைத்தான். உப்பில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 8
எதிர்வீட்டு ரபீக்கா ஒரு பையோடு வந்தாள். உள்ளே டோரினின் செருப்பு.

"அங்கிள், ஆன்ட்டி செவ்வாய்க்கிழமையில இத எங்கட ஊட்டுல கழட்டி வச்சிட்டுத்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவாங்க. வெறுங்காலோட."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்க கத்துவீங்கன்னுதான்."

ஜனவரியில் இராணுவச் சுற்றிவளைப்பில் பற்றிக்கைப் பிடித்துப் போனபோது அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கு வைத்த நேர்த்திக்கடனாம். அவன் வந்த பிறகும் நடந்தாளாம். கடைசியாகப் போன அன்று குதிக்காலில் போத்தல் கண்ணாடி ஏறி, செருப்புப் போட ஏலாமல் ரபீக்கா வீட்டிலேயே விட்டுவிட்டாளாம்.

பிள்ளையை வெளியே எடுத்தது நான் எழுதின மனுக்கள் என்றல்லவா இவ்வளவு நாளும் —

மார்ச் 9
டொக்டரிடம் சொன்னேன். வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். காலைத் தூக்கிப் பார்த்தார். குதியில் மேல்தோல் மூடிவிட்டது, உள்ளே சீழ். அமத்தினதும் டோரின் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தப் புண்ணும் இலக்கத்தைக் கூட்டியிருக்கும். ஆறட்டும், பிறகு திரும்பப் பார்ப்பம்" என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நல்ல பிள்ளை.

மார்ச் 19
இரண்டாம் முறை இரத்தம் எடுக்க விட்டேன். இலக்கம் நன்றாக இறங்கிவிட்டது. அதற்காகப் பேச்சு வரும் என்று அர்த்தமில்லையாம், ஆனால் நம்பிக்கையோடு இருக்கலாமாம். போதும். இலக்கத்தோடு நான் சமாதானம். துறைமுகத்தோடு இல்லை.

ஏப்ரல் 3, செவ்வாய்
டோரின் வீட்டில். அவளுடைய நேர்த்தியில் இன்னும் ஒரு செவ்வாய் மிச்சமாம், ரபீக்கா சொன்னாள். நேர்த்தி என்றால் சிரிக்கிறவன் நான். என்றாலும் அவள் தொடங்கினதைப் பாதியில் விட மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டேன்.

பின்னால் கட்டிலிலிருந்து — கொன்னி, உடைந்து, ஆனால் விளங்க:

"செருப்பு… போடுங்கோ."

வாய் திறந்ததும் கட்டளை! பற்றிக் குசினியிலிருந்து ஓடிவந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தோனியார் பொறுத்துக்கொள்ளட்டும். போட்டுக்கொண்டுதான் போனேன்.