வெள்ளிக்கிழமைதோறும் ஊர் மாறுகிறவர்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மேனுஜாவுக்கு,

சுஹைறா எழுதுகிறேன். மெல்பேர்ணில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சோறு வைத்தால் கொஞ்சம் தின்கிறேன், மூச்சு தன்பாட்டில் போய் வருகிறது. என் மாப்பிள்ளை அஸ்பாக் மச்சான் மௌத்தான அன்று நீ போனில் அழுதாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீ எத்தனை தரம் எடுத்தும் நான் பேசவில்லை. கோபித்துக்கொள்ளாதே. போனைத் தங்கச்சி றஸ்னாவிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவள்தான் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நான் இன்னும் இத்தாவில்தான் இருக்கிறேன். மாப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்று ஒலுவில் கம்பசில் படிக்கும்போது நான்தான் உனக்கு விளங்கப்படுத்தினேன். பெரிய மௌலவி மாதிரி சொன்னேன். அப்போது எனக்கு என்ன தெரியும்? உள்ளறைக்குத் திரை போட்டிருக்கிறார்கள். கட்டியிருப்பது வெள்ளைச் சேலை. ஜன்னலால் முன்வீட்டு மாமரத்தின் ஒரு கொப்பு மட்டும் தெரியும். கொரியாவோ ஜப்பானோ போகலாம் என்று வரைபடம் விரித்தவளுக்கு இப்போது அந்தக் கொப்புத்தான் வெளிநாடு.

கேள் மேனுஜா, இப்போது நான் எழுத வந்த விஷயம். எங்கள் பயண இணையத்தளம் உன் கணக்கில்தான் இருக்கிறது. அதை நீதான் அவருக்குக் கட்டிக் கொடுத்தாய். ஆனால் அவர் அதில் செய்துவைத்த ஒரு வேலை உனக்குத் தெரியாது. பினாங்கில் ஒரு மாதம், கிராபியில் ஒரு மாதம், ஹனோயில் ஒரு மாதம் என்று போட்ட திட்டம் உனக்கு நினைவிருக்கும். பகலில் அவர் தன் கம்பனி வேலையை லப்டொப்பில் செய்வார், நான் லண்டன் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன், மிச்ச நேரம் ஊர் பார்ப்போம். போன இடத்தில் எழுத நேரம் கிடைக்காது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிட்டார். எந்த பஸ், எங்கே ஹலால் கடை, எந்தப் பள்ளியில் பெண்களுக்குத் தொழ இடம் உண்டு என்று தேடித் தேடி எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு ஒவ்வொன்றாகத் தானே வெளிவரும்படி பூட்டி வைத்தார். போய்ச் சேர்ந்ததும் படங்களைப் போட்டுத் திருத்துவதாக இருந்தார்.

பகிடி வேறு. பினாங்கில் நடந்து நடந்து சுஹைறாவின் கால் கொப்புளித்துவிட்டதாம். கிராபியில் அந்த ஊர் மீன் வாய்க்குப் பிடிக்காமல் அவருடைய உம்மாவின் மாசிக் கருவாட்டுச் சம்பலைக் கேட்டு அழுகிறாளாம். போகாத ஊரில என்ட கால ஏன் புண்ணாக்குறீங்க என்று கேட்டேன். புண் வராட்டி அழிச்சிருவம் புள்ள, வந்தா எழுதுற வேல மிச்சம்தானே என்றார். அவரோடு வாய் கொடுத்து நான் எப்போது வென்றிருக்கிறேன்?

டெங்கு என்று படுத்தவர் எழும்பவில்லை. விமானம் ஏறவேண்டிய நாள் நான் வெள்ளைச் சேலையில் இருந்தேன். அந்த வெள்ளி, ஜும்ஆ முடிந்த நேரம், போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால், நாங்கள் பினாங்கில் இறங்கிவிட்டோம் என்று அவர் எழுதியிருக்கிறார். வெக்கையாக இருக்கிறதாம், ஆனால் நம்ம ஊர் வெக்கை மாதிரி இல்லையாம். எனக்கு ஒரு கணம் சந்தோசம் வந்தது மேனுஜா. அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் அவர் திகதி போட்டுப் பூட்டி வைத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கே போனைக் கொடுத்துவிட்டேன்.

அது அதோடு நிற்கவில்லை. கட்டாரில் இருக்கும் சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன் அதைப் படித்துவிட்டு ஊருக்குப் போன் எடுத்திருக்கிறான். மையத்து அடங்கி மண் காயல்ல, இத்தாவில இரிக்க வேண்டிய பொம்புள மலேசியாவில திரியிறாவாமே என்று கேட்டிருக்கிறான். மௌத்துச் செய்தி அவனுக்கு வந்திருந்தது, திகதி போட்டுப் பூட்டிவைக்கிற வித்தை அவனுக்குத் தெரியாது. இங்கேயும் யாருக்கும் தெரியாது. எழுதினால் போயிருக்கத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நான் திரையை விட்டு வெளியே வரவில்லை, ஊர் என்னைக் கடல் தாண்டி ஏற்றிவிட்டது. தளத்தில் நாங்கள் கிராபிக்குப் போன கிழமை, ஆரோட போயிருக்காளாம் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

என் கூடப்பிறந்த அபுல் ஹஸன் காக்கா ஜும்ஆ முடிந்து வரும்போது ஒருவர் அவரை மறித்து, தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாவா என்று கேட்டாராம். காக்கா அன்று சாப்பிடவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்று, அத மூடு தங்கச்சி, எனக்கு ரோட்டால நடக்க ஏலாமக் கிடக்கு என்றார். மாமியும் வந்தா. மச்சானின் உம்மா ஹாஜறா மாமியைத் தெரியும்தானே, நான் காலில் போட்ட சப்பாத்தைப் பார்த்துவிட்டு மகன் பொம்புளப் பொலிசயா முடிச்சிருக்கான் என்று சிரித்தவ. இந்த முறை சிரிப்பில்லை. அந்த முஸீபத்த மூடச் சொல்லு, என்ட புள்ளய கபுறுக்குள்ளயும் நிம்மதியா உடுறாங்க இல்ல என்று கத்தினா.

ஆகையால் எல்லாவற்றையும் மூடிவிடு என்று உனக்கு எழுதத்தான் போன வெள்ளி பேனையை எடுத்தேன். அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மாமி ஜும்ஆவுக்குப் பிறகு என்னைப் பார்க்க வருவா. மச்சான் குடியிருந்த வீடு என் உம்மா எனக்குக் கட்டித் தந்த வீடு, அதனால் மகனைத் தேடி மாமி இங்கேதான் வர வேண்டும். என் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து ஓதுவா, பிறகு தேத்தண்ணி குடிக்கிறேன் என்று குசினிக்குப் போவா. குசினிச் சுவர் முகட்டுவரை இல்லை, காது கொடுத்தால் எனக்குக் கேட்கும். அன்று மெல்லிய சத்தத்தில் றஸ்னாவிடம் கேட்டா, இப்ப எங்க நிக்கானாம்? றஸ்னா வாசித்தாள். ஹனோயில் குளிராம். சுவெட்டர் கொண்டுபோகலியே என்றா மாமி. பிறகு கேட்டா, அடுத்த வெள்ளி எங்க போறானாம்?

வெளியில் ஏசுவதும் குசினியில் கேட்பதும் வெள்ளிக்கு வெள்ளி நடந்திருக்கிறது என்று றஸ்னா பிறகு சொன்னாள். மாமிக்குப் புத்தி பிசகவில்லை. மகனைச் சுமந்த சந்தூக்கு மையவாடிக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தவ. தெரிந்துகொண்டுதான் கேட்கிறா. இனி நான் எப்படி மூடச் சொல்வேன்?

மேனுஜா, இப்படிச் செய். தளத்தை மூடாதே. என்னை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடு. சுஹைறா என்று வருகிற இடமெல்லாம் அழி. என் கால் புண், என் அழுகை, கடற்கரையில் நான் போட்டதாக அவர் எழுதிய சண்டை, எதுவும் வேண்டாம். அவர் தனியாகப் போகட்டும். ஊர் வாய் அடங்கும், காக்கா தலை நிமிர்ந்து ரோட்டால் நடப்பார். அழிக்கும்போது உனக்கு அழுகை வரும். அவரோடு நான் போன ஊர்கள் அவ்வளவுதான், அதையும் நானே இல்லையென்று சொல்லுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் அதன் கீழே, சகோதரியின் கால் சுகமா என்று கேட்டிருக்கிறாராம். அவருக்குச் சுகம் என்று எழுதிவிட்டு அதையும் அழித்துவிடு.

இன்னொன்று. இதுதான் முக்கியம். கடைசியில் ஒன்று இருக்கிறது. எழுதி முடித்த அன்று எனக்கு வாசித்துக் காட்டினார். வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று தொடங்கும். கல்முனை பஸ் நிலையத்தில் விடியப்புறம் இறங்கி, தேத்தண்ணி குடித்து, ஓட்டோ பிடித்து நேரே என் உம்மா வீட்டுக்குத்தான் போனோம், உம்மா கதவைத் திறந்தா என்று எழுதியிருக்கிறார். என் இத்தா முடிகிற கிழமையில் அது வெளிவரும். இன்று மாமி குசினியில் றஸ்னாவிடம், எப்ப திரும்பி வாறதாம் என்று கேட்டா. அந்தப் பிள்ளை யோசிக்காமல், கிட்டத்தில வந்திருவாங்க போல மாமி என்று சொல்லிவிட்டாள். மாமி போகும்போது என் உம்மாவிடம், நல்ல மாசி எங்க எடுக்கலாம் என்று விசாரித்துவிட்டுப் போனா.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அதை மட்டும் வெளியே விடாதே. ஹனோய் முடிந்தால் வேறு ஊர் ஒன்றுக்கு அனுப்பு. உனக்குத் தெரிந்த ஏதாவது ஊர், குளிர் இல்லாத ஊர். அவர் எழுதுகிற மாதிரி உன்னால் எழுத முடியும். அவர் அந்தக் கதவைத் தட்டினதாக மட்டும் வேண்டாம்.

அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். எங்கே போனாலும் நீங்கள் எல்லோரும் போன மாதிரியே வீடு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும்
சுஹைறா.