பாடத்தில் உங்களை ஆபீசுக்கு அனுப்பியவள்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இறந்துபோய் நான்கு மாதமாகிறது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். உங்களிடம் நேரில் சொல்லாததை, எல்லாரும் படிக்கட்டும் என்று பள்ளி மலரில் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ‘என் அப்பாவின் வேலை’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். மும்பை தாராவித் தோல் கிடங்கில் நீங்கள் ஆட்டுத்தோலை விரித்து, உப்புப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை எழுதியிருந்தேன். விரல் வெடிப்பில் உப்பு இறங்கினால் விசில் அடிப்பீர்கள் என்பதையும். புதிய தமிழ்ப் புத்தகம் எழுதும் அரசுக் குழுவில் எங்கள் வகுப்பாசிரியர் இருந்தார். அவர் அதை வரைவில் சேர்த்துவிட்டார். நீங்கள் கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டீர்கள்.

வரைவைச் சரிபார்க்கும் அதிகாரிகள் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். எழுதியவர்கள் உள்ளே இருக்கக் கூடாதாம், ஆசிரியர் வராந்தாவில் நின்றார். பாடத்தைப் படிக்கும்போதே பின்பெஞ்சில் சிரிப்பு. ஒரு மேடம் என்னை எழுப்பினார்.

“குழுவில் சிலர் இது வேண்டாம் என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் உண்மைதானே?”

“இல்லை மேடம். அப்பா இப்போ ஆபீஸ் போறாங்க.”

அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது?

அடுத்த வருடம் ஒப்புதலாகிப் புத்தகம் வந்தது. என் பெயர் இருந்தது. அதில் அப்பா பையை மாட்டிக்கொண்டு முலுண்டு ஆபீசுக்கு ரயிலேறுகிறார். படத்திலும் ரயில் மட்டும்தான். உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவும் வராது. “படிச்சுக் காட்டுட்டி” என்றீர்கள். நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பழைய கட்டுரையை ஒப்பித்தேன்.

“உப்பு மூட்டை படம் போடலியா?”

“இடமில்லையாம்ப்பா.”

மறுநாள் புத்தகத்தைக் கிடங்குக்குக் கொண்டுபோனீர்கள். உங்களோடு வேலை செய்யும் இசக்கி மாமா தமிழ் படிப்பார் என்பதை நான் மறந்துபோனேன். சாயங்காலம் வந்து புத்தகத்தை அலமாரியில் வைத்தீர்கள்.

“ஏட்டி, ஆபீசர் வந்திருக்கேம்லா. உங்கம்மைய ஒரு சாயா போடச் சொல்லு.”

அம்மா சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். நான்தான் தலைநிமிரவில்லை.

அதன்பிறகு நீங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு வரவே இல்லை. “இன்னைக்கு லோடு வருது, அம்மை வருவா” என்பீர்கள். ஒவ்வொரு முறையுமா லோடு வந்தது, அப்பா?

இப்போது அந்தப் புத்தகத்தைத் திருத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாமாம். ‘அந்தப் பாடத்தில் உள்ள பொய் குழுவுடையது அல்ல, என்னுடையது’ என்று எழுதி, பழைய கட்டுரையையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

குழு ஏற்குமா, தெரியாது. ஏற்காவிட்டால் அடுத்த திருத்தத்துக்கும் எழுதுவேன், அதற்கடுத்ததற்கும். உங்கள் வேலை என்ன என்று இனி யார் கேட்டாலும், எத்தனை பேர் முன்னால் கேட்டாலும், உள்ளதையே சொல்வேன்.

இப்படிக்கு,
தோலுக்கு உப்புப் போட்ட சுடலைமுத்துவின் மகள்,
செல்வி