பட்டியலில் பன்னிரண்டாவது வரி

நேற்று அஸர் தொழுதுவிட்டு, விற்பதற்காகப் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அப்போது இருந்தவர்கள் நான், நம் மகன், வாசலில் தராசோடு பழைய இரும்புக்காரர். வேறு யாரும் இல்லை. மூடியின் உட்புறம் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.

கேளம்பாக்கம் தாண்டியிருந்த அந்த விடுதிப் பள்ளி கொடுத்த சாமான் பட்டியல். வகுப்புக்குப் போகாமல் தாம்பரம் ஸ்டேஷனிலேயே கிடந்தவனை அங்கே போட்டால் திருந்துவான் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் திருமுடிவாக்கம் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், நானாகக் கற்றுக்கொண்ட எழுத்தைக் கூட்டிக்கூட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தட்டு, வாளி, போர்வை. பன்னிரண்டாவது வரி, பிரம்பு ஒன்று. எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று மார்க்கெட்டில் வளைத்துப் பார்த்து நல்லதாக வாங்கினேன். பேனாவால் டிக் அடித்தேன்.

சேர்க்கப் போன அன்று, பட்டியலில் இருந்தும் வேறு எந்தப் பெற்றோர் கையிலும் பிரம்பு இல்லை. வாட்ச்மேன் சிரித்தார். "இன்னாம்மா, அடிக்கிறதுக்கும் நீயே எட்துகினு வந்துட்டியா?" நீங்கள் சட்டென்று அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். பெட்டியோடு முன்னால் போன மகன் திரும்பிப் பார்த்தபோது அது உங்கள் கையில் இருந்தது.

மூன்றாம் மாதம் பார்க்கப் போனோம். கெண்டைக்கால் முழுக்க வரிவரியாகத் தழும்பு.

"எல்லாரையும் நம்ம வீட்டுப் பிரம்பாலதான் அடிக்கிறாங்க. பசங்க யாரும் என்கிட்ட பேசறதில்ல. ஏன் அத்தா வாங்கிக் குடுத்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். "வாங்கிட்டேன்டா. பெட்டிய எடு, வீட்டுக்குப் போலாம்."

பஸ்ஸில் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள், "அவனுக்கு அம்மாவாச்சும் வேணும்ல."

அதன்பின் அவன் உங்களை அத்தா என்று கூப்பிடவே இல்லை. நீங்கள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றான்.

நேற்று அந்தத் தாளை உரித்தெடுத்து, "பாரும்மா, அதுக்கும் டிக் அடிச்சிருக்காரு" என்றான். நோன்பு வைத்த வாயோடு நான் குனிந்தேன். அவன் கசக்கிப் போட்டதை எடுத்து, நீவி, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். பெருநாளன்று உங்களை அடக்கிய கபுருக்கு வரச் சொன்னேன். வரமாட்டானாம்.

போனவர்களிடம் பதில் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பெருநாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அவனிடம் சொல்லிவிடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.