பத்து மீட்டர் பள்ளம்

மார்ச் 4
இன்று பதினொரு இடங்களில் புவியீர்ப்பு அளந்தோம். பத்து ஒழுங்காகப் போயின. பதினொன்றாவது ஒரு பள்ளிக்கூட முற்றம். கருவியைத் தரையில் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கிருந்தோ ஓர் ஆட்டுக்கடா வந்து முட்ட ஆரம்பித்தது. டிரைவர் அண்ணன் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீராதி வீரர்! நான் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மொட்டைமாடிக்கு ஓடி, அங்கேயே அளவை எடுத்துவிட்டேன்.

மார்ச் 5
மழை. கருவிக்கு ஓய்வு, எனக்குத் துவைக்கிற வேலை.

மார்ச் 11
வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய சார் துள்ளிக் குதிக்கிறார். பள்ளிக்கூடத்தின் அடியில் மட்டும் ஈர்ப்பு குறைவாம். "ஏம்மா, கீழே கனமில்லாத பாறை! பல கோடி வருஷத்துக்கு முன்னாடி மூடிப்போன பள்ளம்! துளை போட்டுப் பார்த்துடணும்" என்றார். கூடவே, "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன்."

பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. படிவத்தில் தரையின் உயரத்தை எழுதியிருக்கிறேன். மேலே போகப்போக ஈர்ப்பு குறையும். நான் அளந்த மாடியோ பத்து மீட்டர் உயரம். பள்ளமாவது மண்ணாங்கட்டியாவது!

மார்ச் 12
சொல்லவில்லை.

மார்ச் 13
டிரைவர் அண்ணன் சொல்கிறார்: "கம்முனு இரும்மா. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு வருஷமா ஒப்பந்தம் ஒப்பந்தம்னு அல்லாடறேன், ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இருந்தா என்ன? ஆனால் துளை போடும் லாரி திங்கட்கிழமை கிளம்புகிறது. இல்லாத பள்ளத்துக்காகப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தைக் குடைவார்கள். போதாக்குறைக்குப் பள்ளத்துக்குத் தன் பெயரையே வைக்கப்போகிறாராம் சார்.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். கடா உட்பட எல்லாவற்றையும். சாருக்கு முகம் செத்துவிட்டது. "மாடி மேலயா? மாடி மேலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "வெளியே போ." கழிப்பறையில் நின்று அழுதேன். போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 18
தரையில் மறுபடி அளந்தோம். பள்ளத்தைக் காணோம்.

மார்ச் 24
ஆர்டர் வந்துவிட்டது! நிரந்தரம்! "லாரி கிளம்பறதுக்கு முன்னாடி சொன்னியே, அதுக்குத்தான்" என்றார் சார். "ஆனா இனிமே நீ வெளி வேலைக்குப் போக வேணாம், தாயே. உட்கார்ந்து எல்லாரோட அளவையும் சரிபாரு. என்னோட பழசையும் சேர்த்துத்தான்."

முதல் கோப்பே அவருடையது, இருபது வருடம் பழையது. ஏழாவது அளவை எடுத்த இடத்தை வரைபடத்தில் குறித்தேன். ஏரியின் நட்டநடுவில் விழுகிறது. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். படகில் போனாரா, நீந்தியே போனாரா? நாளை அவர் காபி குடித்து முடித்ததும் மெதுவாகக் கேட்க வேண்டும்.