நடுச்சுவரைத் தட்டாமல் போனவளுக்கு

முந்தாநாள் காலையில் நம் நடுச்சுவரில் யாரோ ஆணி அடித்தார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த நான் அப்படியே போட்டுவிட்டு, "வந்துட்டேன்டி" என்று குடத்தைத் தூக்கிவிட்டேன். வாசல் வரைக்கும் போன பிறகுதான் புத்தி வந்தது. நீ இருந்த வீட்டுக்குக் குடித்தனம் வந்திருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. அவனுக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை.

விடியற்காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் பித்தளை டம்ளரால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாய். நான் இந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பிணம்போலத் தூங்குகிறவள் நான். நீ தட்டாவிட்டால் எனக்குத் தண்ணீர் ஏது?

என்னை எழுப்புவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உன் வாயில் ஒரே சொல்தான். கலைக்காதே. யாராவது கோலத்தின்மேல் சைக்கிளை ஏற்றினால் கலைக்காதே. நாலு பேர் பேசுகிற இடத்தில் நான் வாயைத் திறந்தால் பேச்சைக் கலைக்காதே. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவள் நான். எனக்குத் தெரிந்த வரையில் அந்தச் சொல்லுக்கு, அமைதியாக இருப்பதைப் போய்க் கெடுக்காதே என்றுதான் பொருள். அதை நீ கோலத்தோடு நிறுத்தவில்லை. பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தபோது, கடலூரில் இருக்கிற மகளுக்கு ஒரு போன் போடு என்றேன். "அவ ஆபீஸ்ல இருப்பா, எதுக்கு அவ வேலயக் கலைச்சிகிட்டு" என்றாய். "எமன் வந்தாகூட அவன் தூக்கம் கலைஞ்சிடும்னு மெதுவாத்தான்டி பேசுவ நீ" என்று திட்டினேன். வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நீ போன அன்றைக்குத் தண்ணீர் வந்து நின்றும் போனது. நீ தட்டவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று உன்னோடு சண்டை போடத்தான் காலிக் குடத்தோடு வந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தைலப் புட்டி திறந்து கிடந்தது. அடுப்பில் ஓமத்தண்ணீர் கொதித்து ஆறியிருந்தது. நீ நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாய். மடியில் அந்த டம்ளர்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓமம் போட்டுக் கொதிக்க வைக்கத் தோன்றியிருக்கிறது. டம்ளரை எடுக்கத் தோன்றியிருக்கிறது. கதவின் தாழைத் திறந்துவைக்கவும் தோன்றியிருக்கிறது. தண்ணீருக்குத் தட்டிய கைக்கு உயிருக்குத் தட்டத் தெரியவில்லையா? தெருமுனையில் ஆட்டோ எந்நேரமும் நிற்கிறதே.

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "மவராசி, யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லாம போயிட்டா." உன் மகளும் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொந்தரவு கொடுக்காமல் சாவது அவ்வளவு பெரிய பெருமையா? "கொடுத்திருந்தா இருந்திருப்பா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று என் கையில் காபியைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

உனக்குத் தெரியாமல் இல்லை. உன் கறுப்புக்கோழி ஒருதடவை முட்டையே இல்லாத கூடையில் அடைகிடந்ததே, நினைவிருக்கிறதா? இரை எடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பாவம், அதைக் கலைக்காதே என்று உன் சொல்லையே நான் உனக்குச் சொன்னேன். நீ கேட்கவில்லை. இரண்டு றெக்கையையும் சேர்த்துப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாய். அது கத்தின கத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "வெறுங்கூடையில பட்டினி கெடந்து செத்துடும்டி. இத கலைச்சாத்தான் பொழைக்கும்" என்றாய். ஒரு கோழிக்குச் சொன்ன நியாயம் எனக்கு மட்டும் கிடையாதா? என்னைக் கலைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய்.

ஆணி அடித்த அன்றைக்கே புதிதாகக் குடிவந்த அந்தப் பெண் வந்து நின்றது. "தொந்தரவா இருந்துச்சா பெரிம்மா?" என்று கேட்டது. தட்டு, தண்ணீருக்கும் தட்டு, தலைவலிக்கும் தட்டு, எந்த நேரமானாலும் தட்டு என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனது.

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டேன். இன்று மத்தியானம் எனக்கே வந்தது. குனிந்து நிமிர்ந்தேன், சுவர் சுற்றியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. டம்ளரை எடுத்தேன். எடுத்துவிட்டு, இப்போதுதான் அந்தப் பெண் குழந்தையைத் தூங்க வைத்திருக்கும், எதற்குக் கலைத்துக்கொண்டு என்று கீழே வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அது என் பேச்சே இல்லை, உன் பேச்சு. என்னையும் அந்தச் சுவரோரம் உட்கார வைக்கப் பார்த்தாயே. உன்மேல் வந்த ஆத்திரத்தில் சுண்ணாம்பு உதிரும்படித் தட்டினேன்.

அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தது. அதுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. பிரஷர் ரொம்ப ஜாஸ்தி, நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர். தூக்கம் கலைந்த குழந்தை வழியெல்லாம் அழுதது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அழட்டும் என்றிருந்தது.

அந்த டம்ளர் உன்னுடையதுதான். உன் மகளிடம் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. விளிம்பெல்லாம் நெளிந்துபோயிருக்கிறது. தடவிப் பார்க்கிறேன். அத்தனை நெளிவும் என்னை எழுப்புவதற்காக விழுந்தவை. உனக்காக விழுந்தது ஒன்றுகூட இல்லையேடி.